பிள்ளை இங்கே படித்தால்தான் பேச்சு

2006 ஜூன் 7, புதன்

மகள் வினோதினி பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு துண்டுக் கடதாசி கொண்டுவந்தாள். புதிதாகப் பாடசாலை அபிவிருத்திக் குழு அமைக்கப் போகிறார்களாம். பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும், எதை முதலில் செய்வது என்பதை இனிமேல் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்யலாமாம். கொழும்பிலிருந்து எல்லாவற்றையும் தீர்மானித்த காலம் போய்விட்டதாம். கூட்டம் அடுத்த வியாழன், காலை ஒன்பது மணிக்கு.

ஒன்பது மணிக்கு! அந்த நேரத்தில் இந்தத் தோட்டத்தில் யார் சும்மா இருக்கிறார்கள்? இருட்டோடு றப்பர் மலைக்குப் போகிறவர்கள் பால் வெட்டி, வாளியில் சேர்த்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு லயத்து வீட்டுக்குத் திரும்ப மத்தியானம் ஆகிவிடும். இது பள்ளிக்கூட அதிபருக்குத் தெரியாதா? ஆரோக்கியசாமி சேர் இங்கே வந்து ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. தெரிந்துதான் வைத்திருக்கிறார். ஆள் வராத கூட்டத்தில் தனக்கு வேண்டியவர்களைப் போட்டுக்கொண்டு, ‘பெற்றோர் ஏகமனதாக’ என்று எழுதிவிடலாம் அல்லவா.

அதிகாரத்தை யாராவது வலியக் கூப்பிட்டுக் கொடுப்பார்களா? எனக்குச் சரியாகப் படவில்லை. என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜிடம் சொன்னேன். “ஒனக்கு விடிஞ்சாலும் சந்தேகம், பொழுது போனாலும் சந்தேகம்” என்றார். யட்டியாந்தோட்டை பஜாரில் கபூர் முதலாளியின் இரும்புக்கடையில் நின்றுவிட்டு வருகிறவருக்கு, தோட்டத்தில் நடப்பது எங்கே தெரியும்?

ஜூன் 15, வியாழன்

போனேன். மலைக்குப் போனவர்கள் விட்டுச் செல்கிற கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. பிள்ளைக்காம்பராவை உதவிக்கு இருக்கும் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு இறங்கினேன். நினைத்தது போலவே கூடத்தில் ஆளில்லை. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் முத்துவீரன் வெள்ளைச் சட்டையோடு முன் வரிசையில். மலைக்குப் போகாமலே பேர் விழுந்து நாள் சம்பளம் வாங்குகிறவர் அவர் ஒருவர்தானே.

எழுந்து கேட்டேன். “ஒம்பது மணிக்கு வச்சா யாருங்க சேர் வருவாங்க? பால் நிறுத்து முடியட்டும், அப்புறம் வைங்க. இல்லாட்டி ஞாயித்துக்கெழம வைங்க.”

சேருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. “வலயக் கல்விக் கந்தோர்ல இருந்து வர்ற ஐயாவுக்கு இந்த நேரம்தான் வசதின்னு சொன்னாங்கம்மா. நான் யோசிச்சிருக்கணும்” என்றார். பக்கத்தில் இருந்த கந்தோர் அதிகாரி சிங்களத்தில் “பலமு” என்றார். பார்ப்போம் என்று அர்த்தம். இத்தனை வருசத்தில் எனக்குத் தெரிந்து, கந்தோர்க்காரர் வாயில் பார்ப்போம் என்றால் மாட்டோம் என்றுதான் அர்த்தம்.

ஆனால் கூட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டார்கள். ஞாயிறு, பின்னேரம் இரண்டு மணி. இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது ஏன்? அதுதான் புரியவில்லை. ரொம்பப் பணிவாகப் பேசுகிறவர்களிடம் நான் எப்போதும் ஓர் அடி தள்ளித்தான் நிற்பேன்.

ஜூன் 25, ஞாயிறு

கூடம் நிறைந்துவிட்டது. என்னைக் குழுவில் ஒருமனதாகப் போட்டார்கள். எல்லாம் சுப்பம்மா அக்காவின் வேலை. பக்கத்து லயம், நாலு பிள்ளைகளும் இங்கேதான் படிக்கிறார்கள். “செல்விய போடுங்க. அவ கண்ணுல எதுவும் தப்பாது” என்று சத்தம் போட்டார். தலைவரும் குழுவுக்குள் வந்துவிட்டார். அவர் இல்லாமல் இந்தத் தோட்டத்தில் கோயில் திருவிழாவே நடக்காது.

சந்தோசமாகத்தான் இருக்கிறது. மறைப்பானேன்.

ஜூலை 22

மேசையும் உட்காரும் வாங்கும் செய்யப் பலகை வந்தது. சாயந்தரம் இரண்டு பலகை அதிபரின் குவார்ட்டர்ஸுக்குள் போவதைப் பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்று பார்த்தேன்.

ஜூலை 30

கூட்டத்தில் பலகையைக் கேட்டேவிட்டேன். சேர் எழுந்து போய், கால் ஒட்டிய இரண்டு வாங்குகளைத் தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தார். வெளியாளை வைத்தால் செலவு என்று தானே செய்தாராம். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். வெட்டிய மீதித் துண்டு எங்கே?

ஓகஸ்ட் 13

இன்று மோட்டார் சைக்கிளில் லயத்துக்கே ஒருவர் வந்தார். மக்கீன் சேர். பஜாரில் இருக்கிற முஸ்லிம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவர். கபூர் முதலாளி சொல்லி அனுப்பினாராம். அடுத்த வருசம் ஆறாம் ஆண்டுக்குப் போகிற பிள்ளைகளின் வீடுகளுக்கெல்லாம் போகிறார்.

“எங்கட ஸ்கூல்ல மெத்ஸுக்கு ரெண்டு டீச்சர்மார் இரிக்காங்க. சயன்ஸுக்கும் இரிக்காங்க. தமிழ் மீடியம்தான். ஒங்கட மகள் கெட்டிக்காரின்னு கிருஷ்ணராஜ் சொன்னாரு.”

எங்கள் பள்ளிக்கூடத்தில் பதினோராம் ஆண்டு வரை வகுப்பு உண்டு. கணக்குக்கு மட்டும் ஆள் கிடையாது. சமூகக்கல்வி டீச்சர்தான் புத்தகத்தைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதிப் போடுகிறார். அதனால் காசு இருக்கிறவர்கள் கரவனெல்லவுக்கும் சிங்களப் பள்ளிக்கூடத்துக்கும் பிள்ளையை அனுப்புகிறார்கள். அதனால் இங்கே பிள்ளை குறைகிறது. பிள்ளை குறைவதால் டீச்சர் தரமாட்டார்கள். இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறோம்.

நான் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு நேராகவே கேட்டேன். “எங்க பிள்ளைங்க வந்தா உங்களுக்கு என்னங்க கெடைக்கும்?”

அவர் சிரித்தார். “புள்ளைகள் கொறஞ்சா எங்கட டீச்சர் ஒராள வேற ஸ்கூலுக்குத் தூக்கிருவாங்க. அந்தப் பயமும் இரிக்கி. பொய் சொல்லி என்ன.”

ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அதன் பிறகு எனக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. சுயநலத்தை இப்படி வெளிச்சமாகச் சொல்கிறவர் அதற்குள் வேறென்ன வைத்திருக்கிறார்?

ஒக்டோபர் 22, ஞாயிறு

இன்று நடந்ததை விடாமல் எழுதி வைக்க வேண்டும்.

குழுவுக்கு வந்த புது நிதியில் முதலில் எதைச் செய்வது என்று பேச்சு. சேர் விஞ்ஞான அறைக்குச் சாமான் என்றார். தலைவர் முத்துவீரனுக்கு வாசலில் ஒரு வளைவு வேண்டுமாம். சீமெந்து வளைவு, மேலே பள்ளிக்கூடப் பெயர், கீழே குழுவினரின் பெயர். யார் பெயர் முதலில் இருக்கும் என்று கேட்கவா வேண்டும்!

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “தலைவரே, ஒங்க மகன் இந்தக் கேட்டுக்குள்ள ஒரு நாளாச்சும் வந்திருக்கானா? சிங்கள ஸ்கூலுக்கு வேன்ல போறான். ஒங்களுக்கு எதுக்குங்க இங்க வளைவு?”

கூடம் கொல்லென்று சிரித்தது. அவர் எழுந்து நின்று, தங்கச்சி வாயை அடக்கிப் பேசு என்றார். நான் அடக்கவில்லை. நெஞ்சில் இருந்தது எல்லாம் அப்படியே வந்தது. “காலையில பெரட்டுக்களத்துல வந்து நிக்காதவங்களுக்கு அன்னைக்குப் பேர் போடுறாங்களா? இல்லையே. அப்ப இங்கயும் அப்படித்தான் இருக்கணும். எவங்க பிள்ள இந்த ஸ்கூல்ல படிக்கலையோ, அவங்களுக்கு இந்தக் கமிட்டில பேர் இல்ல. பேசவும் கூடாது. இத ரூலா போடுங்க.”

விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டைச் சொன்னதே போதும். மலையில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் அது சுளீரென்று புரிந்துவிட்டது. ஒரு நாள் ஐந்து நிமிடம் பிந்தி வந்து, பேர் இல்லாமல் திரும்பிப் போகாதவர்கள் இந்தத் தோட்டத்தில் உண்டா? எல்லாக் கையும் மேலே.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சேர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “இது எனக்கும் சேர்த்தாம்மா?” என்றார். அவருடைய மகன் கண்டியில் விடுதியில் நின்று படிக்கிறான். அதை மனதில் வைத்துத்தான் நான் ரூலே கேட்டேன். தலைவர் சும்மா குறுக்கே வந்து மாட்டிக்கொண்டவர். “சேர்த்துத்தாங்க சேர்” என்றேன்.

“சட்டப்படி அதிபர்தான் குழுவுக்குத் தலைவர். என்னைய நீங்க நீக்க ஏலாது.” பேனையை மூடினார். “ஆனா நீங்க சொல்றது நியாயம்.”

நியாயம் என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் இருப்பது படித்தவர்களுக்குக் கைவந்த கலை. பார்க்கிறேன்.

டிசம்பர் 17

இடி விழுந்தது போல இருக்கிறது. வேறெங்கும் இல்லை, என் வீட்டுக்குள்ளேயே.

இவர் வேலை முடிந்து வந்து, சாப்பிட உட்கார்ந்துகொண்டு சாதாரணமாகச் சொல்கிறார். “வினோவுக்கு மக்கீன் சேர் ஸ்கூல்ல எடம் கெடைச்சிருச்சி. ஜனவரில சேத்துருவோம்.”

“யாரக் கேட்டுச் செஞ்சீங்க?”

“பிள்ளையக் கேட்டேன்.”

“நான் போட்ட ரூலு ஒங்களுக்குத் தெரியாதா? எம் பிள்ளைய நானே வெளில அனுப்பிட்டு அந்தக் கூடத்துல எப்படிங்க ஒக்கார்றது? அந்த முத்துவீரன் பஜார் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாரே!”

“ரூலு போட்டது நீ. படிக்கப் போறது அவ.” அவ்வளவுதான். கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

வினோவைக் கூப்பிட்டுக் கேட்டேன். இங்கே என்ன குறை உனக்கு என்று. “ஒண்ணுமில்லம்மா. கணக்கு யாரும்மா படிச்சுக் குடுப்பாங்க?” என்றாள். கெட்டிக்காரக் கேள்வி.

டிசம்பர் 29

முடிவு எடுத்துவிட்டேன். வினோ இங்கேதான். கணக்குக்கு நாங்களே ஓர் ஆளைக் கொண்டுவருவோம். அந்த அளவுக்குக்கூட முடியாதென்றால் எதற்கு இந்தக் குழு?

“நீங்க சொன்னா சரிம்மா” என்றாள். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை. இவர் இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை.

2007 ஜனவரி 3, புதன்

பள்ளிக்கூடம் தொடங்கியது. பத்தாம் ஆண்டு வரிசையில் ஒரு புதுப் பையன். நெட்டையாக, சப்பாத்து மட்டும் பளபளவென்று.

அதிபரின் மகன் ஜெரோம். கண்டியிலிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

பிள்ளைக்காம்பரா வாசலில் சுப்பம்மா அக்கா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். “பாத்தியா செல்வி, சொன்ன சொல்லுக்கு மனுசன் என்ன செஞ்சிருக்காருன்னு.”

நான் பார்க்காமலா. பத்தாம் ஆண்டில், ஓ/எல் சோதனைக்கு இரண்டு வருசம் இருக்கும்போது, நல்ல பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளையைப் பிடுங்கி இங்கே யாராவது நடுவார்களா? அங்கே ஏதோ நடந்திருக்கிறது. விடுதியில் சண்டையாக இருக்கும். விலக்கியிருப்பார்கள். வேறு வழியில்லாமல் கூட்டி வந்ததை எங்களுக்காகச் செய்தது போலக் காட்டுகிறார்.

ஜனவரி 19

ஜெரோம் வேலிப் பக்கம் பந்து எடுக்க வந்தான். வாயைப் பிடுங்கிப் பார்த்தேன். கண்டியை ஏன் தம்பி விட்டுட்டு வந்தே? “அப்பா வரச் சொன்னாங்க, வந்துட்டேன்” என்றான். வேறு ஒன்றும் கழலவில்லை. தகப்பனைப் போலவே பிள்ளையும் பணிவு.

பெப்ரவரி 25

கணக்கு டீச்சர் கிடைத்துவிட்டார்! பளீலா. கரவனெல்லப் பக்கம். ஏ/எல் கணிதத்தில் நல்ல பெறுபேறு, கம்பஸ் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை, அரச நியமனத்துக்குக் காத்திருக்கிறார். தொண்டர் ஆசிரியராக வர ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வீடு மாசாமாசம் சேர்த்துக் கொடுப்பது என்று குழுவில் முடிவு. யாரிடமும் கைகட்டி நிற்காமல் நாங்களாக எடுத்த முதல் முடிவு.

கூட்டிக்கொண்டு வந்தது அதிபர்தான். அவரே சைக்கிளில் வீடு வீடாக விசாரித்தாராம். நல்ல காரியம். இவ்வளவு படித்த பெண் இந்தக் கொஞ்சக் காசுக்கு ஏன் மலை ஏறி வருகிறாள் என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 14

வினோ கணக்கில் வகுப்பில் முதலாவது. இவர் பஜாரிலிருந்து கேக் வாங்கி வந்தார். ஆறு மாதத்துக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துச் சிரித்தார்.

ஒக்டோபர் 6

பளீலா டீச்சர் மழைக்குப் பிள்ளைக்காம்பராவில் ஒதுங்கினார். பேச்சு ஜெரோம் பக்கம் போயிற்று. “அந்தப் புள்ளைக்கு மத்தப் பாடமெல்லாம் நல்லம். கணக்குன்னா மட்டும் பயம். அதுக்குத்தான் கண்டில விட்டிருந்திச்சாம். இப்ப அவங்க வாப்பா இங்க கொண்டந்து விட்டிரிக்காரு. நான் பின்னேரத்துல நின்னு சொல்லிக் குடுக்கிறன்” என்றார்.

விடுதியில் சண்டை ஒன்றும் இல்லையா என்று கேட்டேன். “என்ன சண்ட?” என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

இதை நம்புவதா? டீச்சருக்கு அதிபர் சொல்லிக் கொடுத்ததாகவும் இருக்கலாம்.

2008 மார்ச் 9

பஸ்ஸை மறித்து ஆமிக்காரர் சோதனை. எல்லாரையும் இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, தமிழ் பேசுகிற எங்களை மட்டும் ஓரமாக நிற்க வைத்து, பிறகு ஏறு என்றார்கள். பளீலா டீச்சர் தினமும் இந்த வழியில்தான் வருகிறார். ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை.

ஜூன் 8

சொன்னேனா இல்லையா. பளீலா டீச்சருக்கு நியமனம் வந்துவிட்டது. மாவனல்லைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அழுதுகொண்டேதான் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது, எத்தனை நாளைக்கு எங்கள் சில்லறையில் காலம் தள்ளுவது? ஆனால் பதினோராம் ஆண்டுக்கு இன்னும் ஆறு மாதத்தில் சோதனை. பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்.

நான் நினைத்ததுதான் நடந்தது. அதில் ஒரு சந்தோசமும் இல்லை.

ஓகஸ்ட் 24

வலயக் கந்தோருக்கு மூன்று தடவை எழுதியாயிற்று. பலமு.

டிசம்பர் 11

ஓ/எல் சோதனை தொடங்கிவிட்டது. ஜெரோம் அப்பாவின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகிறான். கரும்பலகையைப் பார்த்து எழுதிய கணக்கோடுதான் அந்த வகுப்பு முழுக்கச் சோதனைக்குப் போகிறது.

வினோவின் தவணை முடிவும் வந்தது. கணக்கில் பாதியாக விழுந்திருக்கிறாள். அவள் அழவில்லை, என்னிடம் காட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். இவர் கையில் வாங்கிப் பார்த்தார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். “மக்கீன் சேரக் கேட்டுப் பாக்கவா?” என்று மட்டும்தான் கேட்டார்.

கேளுங்கள் என்றேன்.

டிசம்பர் 28

வினோவுக்கு மக்கீன் சேர் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டதால், குழுவிலிருந்து விலகுகிறேன் என்று அதிபரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஏன் என்று கேட்பார், இரண்டு வார்த்தை குத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். “வினோவுக்கு நல்லதும்மா” என்றார். அவ்வளவுதான். இந்த மனிதர் ஒரு தடவையாவது கோபப்பட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

திரும்பி வரும் வழியில் தலைவர். “என்ன தங்கச்சி, இப்ப யாருக்குப் பேர் இல்ல?” பல்லைக் காட்டினார். கேட்க வேண்டியதுதான். கேட்டுக்கொண்டேன்.

2009 ஜனவரி 5, திங்கள்

வினோ காலை பஸ்ஸில் பஜார் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பிள்ளைகளோடு எப்படியோ, மதியச் சாப்பாடு எப்படியோ, வழியில் சோதனை எப்படியோ என்று தொட்டிலுக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். சாயந்தரம் வந்து, “ஸும்றான்னு ஒரு பிள்ள எம் பக்கத்துல ஒக்காந்துச்சி. கணக்கு டீச்சர் ரெண்டு தரம் சொல்லித் தாறாங்கம்மா” என்றாள். அவள் இவ்வளவு பேசிப் பல நாளாகிவிட்டது.

பக்கத்து லயத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் யாரும் போக முடியாது. பஸ்ஸுக்கும் சீருடைக்கும் வழியிருக்கிற வீட்டுக்குத்தான் பள்ளிக்கூடத்தைத் தெரிந்தெடுக்கிற உரிமையெல்லாம்.

ஏப்ரல் 28

ஓ/எல் முடிவு வந்துவிட்டது. ஜெரோம் மற்ற எல்லாப் பாடமும் சித்தி. தமிழில் ஏ. கணக்கில் மட்டும் தவறிவிட்டான்.

பஸ் ஹோல்ட்டில் சேரைக் கண்டேன். ஒதுங்கிப் போகவும் வழியில்லை. குடையை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “வினோவுக்கு இப்ப கணக்கு எப்படிம்மா போகுது?”

நல்லா போகுதுங்க சேர் என்றேன். “சந்தோசம். அவ கெட்டிக்காரி. விட்டுறாதீங்க” என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வரை அந்தக் கேள்வியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கே குத்தல் இருக்கிறது? என் பிள்ளையைக் கெடுத்துவிட்டு உன் பிள்ளையை மட்டும் காப்பாற்றிக்கொண்டாயே என்கிறாரா? எப்படிப் பார்த்தாலும் ஒன்றும் கிடைக்கவில்லை. வினோவின் கணக்கு எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார். ஐயோ, மூன்று வருசமாக அந்த மனுசன் பின்னாடியே கண்ண வச்சிக்கிட்டுத் திரிஞ்சேனே, அவரு ஒளிச்சு வச்சது ஒண்ணுமே இல்லையா? ரூலை நம்பிப் பிள்ளையைக் கொண்டுவந்தவர் அவர் ஒருத்தர்தானா? நான் போட்ட ரூலை?

மே 20

பஜாரில் வெடி, கொடி, பாற்சோறு. யுத்தம் முடிந்துவிட்டதாம். இவரைக் கடையிலிருந்து நேரத்தோடு வரச் சொன்னேன். வினோவை இரண்டு நாள் அனுப்பவில்லை.

ஜூன் 21, ஞாயிறு

குழுக் கூட்டத்துக்குப் போனேன். எனக்கு அங்கே பேர் இல்லை என்று தெரியும். அந்த ரூலை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் போனேன்.

இப்போது மேசையைச் சுற்றி முழுக்கப் பால் வெட்டுகிறவர்கள்தான். சுப்பம்மா அக்கா செயலாளர். கையில் பேனை, கழுத்தில் மாலை போல ஒரு கயிற்றில் மூக்குக்கண்ணாடி. என்னை வாசலில் கண்டதும், “செல்வி, மனசு கோணாத. ஒனக்கு இங்க பேர் இல்ல. வாசல்ல நின்னு கேட்டுக்க” என்றார்.

“பேசட்டும்க்கா” என்றார் சேர்.

வாசலில் நின்றுகொண்டே பேசினேன். “அந்த ரூலு நான் ஒருத்தர மடக்கணும்னு போட்டதுங்க. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. மடங்கினது ஒரு பிள்ளதான். அத எடுத்துருங்க.” யார் என்று யாரோ கேட்டார்கள். நான் சேரைப் பார்த்தேன். சேர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா பேனையைக் கீழே வைத்தார். “நீ எதுக்குப் போட்டியோ, எங்களுக்குத் தெரியாது. எங்களுக்கு அது சரியா இருக்கு. அந்த ரூலு இல்லாட்டி இந்நேரம் இந்த மேசையில தலைவரு, தலைவரோட மச்சான், பஜார் ஆளுங்க எல்லாம் ஒக்காந்திருப்பாங்க. எங்கள யாரு உள்ள விட்டிருப்பா? போறவங்க போகட்டும், நாங்க வேணாம்னு சொல்லல. பிள்ளைய எங்க வேணும்னாலும் சேக்கட்டும். ஆனா இந்த ஸ்கூலுக்கு என்ன வேணும்னு இங்க விட்டு வச்சிருக்கவங்கதான் சொல்லணும்.”

ரூலை எடுக்கச் சம்மதமா என்று சேர் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. அவர் கை மட்டும் எழுந்தது. அதற்கு அவர் சிரித்துவிட்டு, “தோத்துட்டேன்” என்று எழுதிக்கொண்டார்.

நான் திரும்பி நடக்கும்போது, கணக்கு டீச்சருக்கு இனி எழுதிப் பிரயோசனமில்லை, எல்லாருமாக வலயக் கந்தோருக்கு நேரே போய் உட்காருவோம் என்று அக்கா சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

ஜூலை 9, வியாழன்

இன்று தோட்டத்தில் பால் வெட்டு இல்லை. பெரட்டுக்களத்தில் ஒருவரும் நிற்கவில்லை. எல்லாரும் பேரை விட்டுவிட்டு இரண்டு லொறியில் ஏறி வலயக் கந்தோருக்குப் போய்விட்டார்கள். தோட்டத்துத் தொரை ஜீப்பில் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். சேரும் லீவு போட்டுவிட்டுப் பின்னாலேயே பஸ்ஸில் போனாராம். ஓர் அதிபர் இதற்குப் போனால் அவருக்கு என்ன ஆகும்?

என்னை யாரும் கூப்பிடவில்லை. விடியலில் வரிசையாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். தொட்டில் போதாமல் பாய் விரித்தேன். வழக்கமாக வீட்டில் ஆச்சியிடம் விட்டுப் போகிற பிள்ளைகளும் இன்று என்னிடம்தான், ஆச்சிமாரும் லொறியில் ஏறிவிட்டார்கள். ஒன்று அழுதால் எல்லாம் அழுதன. ஒன்றை இடுப்பில், ஒன்றைத் தோளில் என்று போட்டுக்கொண்டு பகல் முழுக்க நடந்தேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். சுப்பம்மா அக்கா ஒரு பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டார். கோஷம் போட்டு அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. “குடுக்குறாங்களாம் செல்வி. நெரந்தரமான கணக்கு டீச்சர். திங்கக்கெழம வாராராம்.”

“எழுத்துல குடுத்தாங்களா?” என்றேன்.

“குடுத்தாதான எந்திரிச்சோம்.” உட்கார்ந்து காலை நீட்டினார். “வினோவ திரும்பக் கூட்டிட்டு வாறியா?” என்றார்.

நான் பிள்ளைகளின் துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 13, திங்கள்

வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, சின்ன வயசுக்காரர். பிள்ளைக்காம்பரா ஜன்னலில் நின்று, அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி மண் படியேறி வருவது முதல் பார்த்தேன்.

முதல் பாடம் பதினோராம் ஆண்டுக்கு. வெள்ளைச் சட்டைகளுக்குப் பின்னால், கடைசி வாங்கில், நீலச் சட்டையோடு ஒரு பையன். ஜெரோம். பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டவன் டிசம்பர் சோதனையை மறுபடி எழுத, தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறான். உள்ளே வரலாமா என்று புது டீச்சரிடம் அவனே கேட்டிருப்பான் போல. சேர் வெளியே தூண் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், உள்ளே எட்டிப் பார்க்கவில்லை.

சாயந்தரம் வினோ வந்து, இன்றைக்கு என்ன கணக்குச் செய்தோம் என்று சொல்லிக்கொண்டே காலைக் கழுவினாள். புது டீச்சர் வந்திருப்பதை அவளிடம் சொன்னேன். கழுவுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அடுத்து நான் என்ன சொல்லப் போகிறேனோ என்று பயந்த பார்வை அது. எனக்கு அது தாங்கவில்லை.

“நீ எங்க படிக்கணும்னு நீயே சொல்லு” என்றேன்.

“அங்கயேம்மா” என்றாள். உடனே சொன்னாள்.